வேறு ஆள் யார்? – நவீன பிரிட்டன் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பிரிட்டன் வரலாற்றைப் படிக்கலாம் என்று உட்காருகிறவர்களில் பலர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைத் தாண்டுவதில்லை. நானும் இரண்டு முறை அங்கேயே நின்றுபோனவன்தான். மூன்றாவது முறை, ராஜாக்களை வரிசையாகப் படிப்பதை விட்டுவிட்டு, 1936 டிசம்பரில் ஒரு பத்து நாளை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து பின்னாலும் முன்னாலும் போனேன். அப்புறம் நிற்கவில்லை. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறேழு வாரத்தில் 1910 முதல் இன்றுவரை ஒரு சுற்று வந்துவிடலாம். ஒரு நோட்டும் இணைய வசதியும் போதும்.

படி 1: சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நாம் பேச்சுவாக்கில் ‘இங்கிலாந்து’ என்கிறோம். படிக்கும்போது அது காலை வாரிவிடும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்து கிரேட் பிரிட்டன் ஆனது 1707-இல். அயர்லாந்தும் சேர்ந்து ஐக்கிய ராஜ்ஜியம் ஆனது 1801-இல். 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தனியே போய்விட்டது. நீங்கள் படிக்கும் பக்கத்தில் எந்த வருடம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து நாட்டின் எல்லையே வேறு.

அடுத்து, ராஜா வேறு, மகுடம் வேறு. ராஜா சாவார், மகுடம் சாகாது. மகுடத்தின் பெயரால் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவற்றை அமைச்சர்கள்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது சொல்தான் முக்கியம்: ‘ஆலோசனை’. பிரதமர் மன்னருக்கு ஆலோசனை கூறினார் என்று எழுதியிருந்தால், அது மன்னர் தட்டக்கூடாத ஆலோசனை. நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 74-ஆம் பிரிவு சொல்கிறதே, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். அங்கே அது வழக்கம், இங்கே எழுதி வைத்துவிட்டார்கள்.

தட்டினால் என்ன ஆகும்? பிரதமர் ராஜினாமா செய்வார். உடனே ராஜாவுக்கு இன்னொரு பிரதமர் வேண்டும். அவருக்கு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கீழ்சபையான காமன்ஸ் சபையில் ஆதரவு வேண்டும். இல்லையென்றால் தேர்தல், அதுவும் ராஜா செய்தது சரியா தவறா என்பதைப் பற்றிய தேர்தல். எந்த ராஜாவும் அதை விரும்ப மாட்டார். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘வேறு ஆள் யார்?’ இனி வரும் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

படி 2: 1936 டிசம்பரில் தொடங்குங்கள்

ஏன் இங்கே? கதை சின்னது, ஆட்கள் குறைவு, ஆவணம் ஒரே பக்கம்.

எட்டாம் எட்வர்ட் 1936 ஜனவரி 20-இல் பட்டத்துக்கு வந்தார். ஏற்கெனவே ஒருமுறை விவாகரத்து ஆகி, இரண்டாவது கணவரிடமிருந்தும் விவாகரத்து கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனை மணக்க நினைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் இதை எழுதித் தள்ளின. லண்டன் பத்திரிகைகள் வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பிஷப்பின் பேச்சைச் சாக்காக வைத்துத்தான் அங்கே அணை உடைந்தது.

நவம்பர் 16-இல் எட்வர்ட் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினை அழைத்து, இந்தப் பெண்ணை மணப்பேன், முடியாதென்றால் போகிறேன் என்றார். பிறகு, மனைவி ராணி ஆகாமல் வெறும் மனைவியாக மட்டும் இருக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. பால்ட்வின் அதை அமைச்சரவையிடம் மட்டுமல்ல, கனடா, ஆஸ்திரேலியா போன்ற டொமினியன் நாடுகளின், அதாவது அதே ராஜாவை வைத்துக்கொண்டு தம்மைத் தாமே ஆண்ட நாடுகளின், பிரதமர்களிடமும் கேட்டார். 1931-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்குப் பிறகு அவர்களை விட்டுவிட்டு மகுடத்தைத் தொட முடியாது. பதில்: கூடாது.

இப்போது நம் கேள்வியைப் போடுங்கள். அமைச்சரவை ராஜினாமா செய்தால் எட்வர்டுக்கு வேறு ஆள் யார்? எதிர்க்கட்சித் தலைவர் அட்லி ஏற்கெனவே பால்ட்வின் பக்கம். சர்ச்சில் மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். டிசம்பர் 7 அன்று காமன்ஸில் அவரைக் கத்தியே உட்கார வைத்துவிட்டார்கள். ஆள் இல்லை. கதை முடிந்தது. இதைக் காதல் கதையாக மட்டும் படிக்கிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தைத்தான்.

டிசம்பர் 10 அன்று எட்வர்ட் கையெழுத்திட்ட பத்திரத்தின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். எனக்கும் என் சந்ததிக்கும் அரியணை வேண்டாம் என்கிற உறுதியைச் சொல்லும் சில வரிகள். மேலே ‘எட்வர்ட் ஆர்.ஐ.’ என்ற கையெழுத்து. கீழே சாட்சிகளாகத் தம்பிகள் மூன்று பேர்: ஆல்பர்ட், ஹென்றி, ஜார்ஜ். ஒரு வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் போலவே இருக்கும். முதல் சாட்சி ஆல்பர்ட்தான் மறுநாள் ஆறாம் ஜார்ஜ் ஆனவர்.

கையெழுத்தில் உள்ள ‘ஐ’ என்ற எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இம்பரேட்டர்’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து, சக்கரவர்த்தி என்று பொருள். இந்தியாவைக் குறிக்கும் எழுத்து அது. பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஹன்சார்டுக்குப் போங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியது எல்லாம் 1803 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. தேதியைத் தட்டினால் வந்துவிடும். 1936 டிசம்பர் 10, பால்ட்வினின் பேச்சு. முழுதும் படிக்க அரை மணி நேரம் ஆகும். ராஜாவை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லாமல், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

படி 3: கொஞ்சம் பின்னால் போங்கள் – 1911, 1914, 1917

இந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று பார்க்க 1909-க்குப் போக வேண்டும். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் நிலத்துக்கும் பெரும் வருமானத்துக்கும் வரி போட்டு ஒரு பட்ஜெட் கொண்டுவந்தார். தேர்தல் இல்லாத மேல்சபையான பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. 1910-இல் மட்டும் இரண்டு பொதுத் தேர்தல்கள். பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை வெட்டும் மசோதா நிறைவேற வேண்டுமானால், தேவைப்பட்டால் நூற்றுக்கணக்கில் புதுப் பிரபுக்களை உண்டாக்குகிறேன் என்று ராஜா வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார் பிரதமர் ஆஸ்குவித்.

பட்டத்துக்கு வந்து சில மாதமே ஆன ஐந்தாம் ஜார்ஜ் தயங்கினார். எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் ஆட்சி அமைக்க முன்வருவாரா என்று தெரிய வேண்டியிருந்தது. அவர் வரமாட்டார் என்று சொன்னவர் ராஜாவின் தனிச் செயலாளர் நோலிஸ். ராஜா வேண்டா வெறுப்பாக வாக்குக் கொடுத்தார். 1911 ஆகஸ்ட் 10-இல் மசோதா பிரபுக்கள் சபையில் 131-க்கு 114 என்று தப்பிப் பிழைத்தது. பால்ஃபர் வரத் தயாராகத்தான் இருந்தார் என்பது ராஜாவுக்குத் தெரிந்தது 1913-இல்! வேறு ஆள் இருந்தார், இருக்கிறார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கு இந்தச் சுற்றிலேயே மிகப் பிடித்த இடம் இது.

1914 ஆகஸ்ட் 4-ஐ வேகமாகக் கடக்கலாம், ஆனால் ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிமீது போர் தொடுக்க நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அன்றிரவு பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரே ஓர் அமைச்சரையும் அரண்மனை அதிகாரிகள் இருவரையும் வைத்துக்கொண்டு மன்னர் நடத்திய சபையில் காரியம் முடிந்தது. அந்தக் கையெழுத்தில் இந்தியாவும் யாரும் கேட்காமலே போருக்குள் போனது. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதும் அதன் தொடர்ச்சிதான். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்னமும் சொல்கிறோமே, அது அந்த இரவு விட்டுப்போன சொல்.

1917-இல் ராஜ குடும்பத்தின் பெயரே மாறியது. சாக்ஸ-கோபர்க்-கோதா என்பது ஜெர்மன் பெயர். அந்த ஜூனில் லண்டன்மீது குண்டு வீசி, பாப்ளரில் ஒரு பள்ளியில் 18 குழந்தைகளைக் கொன்ற விமானங்களின் பெயரும் ‘கோதா’. ஜூலை 17 முதல் அரச குடும்பம் வின்ட்ஸர் ஆயிற்று. அதே வருடம்தான் சொந்தச் சித்தி மகன், ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸுக்குக் கொடுத்த அடைக்கல அழைப்பும் திரும்பப் பெறப்பட்டது. அழைத்தது அரசாங்கம், வேண்டாம் என்று நெருக்கியது அரண்மனை. இது வெகுகாலம் நேர்மாறாகவே சொல்லப்பட்டு வந்தது.

படி 4: 1940 மே – இங்கே இரண்டு வாரம் தங்குங்கள்

அவசரப்படாதீர்கள். பாதிக் கட்டுக்கதைகள் குவிந்து கிடப்பது இந்த மாதத்தில்தான்.

முதல் வாரம், பதவி மாற்றம். நார்வேயில் பிரிட்டிஷ் படை சொதப்பியதைப் பற்றி மே 7, 8 தேதிகளில் காமன்ஸில் விவாதம். ஹன்சார்டில் லியோ அமெரியின் பேச்சைத் தேடிப் படியுங்கள். சொந்தக் கட்சிப் பிரதமர் சேம்பர்லினைப் பார்த்து, 17-ஆம் நூற்றாண்டில் நாடாளுமன்றத்தை விரட்டிய கிராம்வெல்லின் பழைய வார்த்தைகளை எடுத்து ‘போய்விடுங்கள்’ என்று சொன்னவர். கோரக்பூரில் பிறந்தவர், சில நாளில் இந்திய விவகார அமைச்சரும் ஆனவர். வாக்கெடுப்பில் சேம்பர்லின் 281-க்கு 200 என்று ஜெயித்தார். வழக்கமாக 200-க்கு மேல் இருக்கும் பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியதுதான் தோல்வி.

வேறு ஆள் யார்? ஆறாம் ஜார்ஜ் மனத்தில் இருந்தவர் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். மே 9-ஆம் தேதிக் கூட்டத்தில் ஹாலிஃபாக்ஸே பின்வாங்கினார். பிரபுக்கள் சபையில் உட்கார்ந்துகொண்டு போர்க்காலப் பிரதமராக இருப்பது எப்படி என்பது அவர் சொன்ன காரணம். சேம்பர்லின் தலைமையில் சேரமாட்டோம் என்று லேபர் கட்சியின் பதில் மே 10 அன்று வந்தது. ஹிட்லர் ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்ததும் அதே நாள். மாலையில் சர்ச்சில் பிரதமர்.

மே 9 கூட்டத்துக்குக் குறிப்பு எதுவும் எடுக்கப்படவில்லை. சர்ச்சில் பின்னாளில் எழுதியபோது அதைத் தவறுதலாக மே 10 என்று போட்டார். தேதியையே மறந்த நினைவை எவ்வளவு நம்புவது என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இரண்டாம் வாரம், மே 26 முதல் 28 வரை. டன்கர்க் கடற்கரையில் படை சிக்கிக் கிடக்கிறது. பிரான்ஸ் சாய்கிறது. போர் அமைச்சரவையில் ஐந்து பேர்: சர்ச்சில், சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ், லேபரின் அட்லி, கிரீன்வுட். மூன்று நாளில் ஒன்பது முறை கூடுகிறார்கள். முசோலினியை நடுவில் வைத்து என்ன விலைக்கு அமைதி கிடைக்கும் என்று விசாரித்துப் பார்ப்போம் என்கிறார் ஹாலிஃபாக்ஸ். அந்த வழுக்குப் பாதையில் கால் வைத்தால் திரும்ப முடியாது என்கிறார் சர்ச்சில்.

தனித்துப் போரைத் தொடர்வதா என்ற கேள்வி அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலுக்கே வரவில்லை என்று சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதிவைத்தார். நிரலில் அந்தத் தலைப்பு இல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று நாளும் பேசியது அதைத்தான்.

பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அமைச்சரவைக் கோப்புகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தேட வேண்டிய எண் ‘கேப் 65/13’, ரகசிய இணைப்புகள் அதில் இருக்கின்றன. தட்டச்சுப் பிரதி என்பதால் படிக்கச் சிரமமில்லை. மொழிதான் கொஞ்சம் அலுப்பூட்டும். எல்லாரும் ‘கருதினார்’, ‘சுட்டிக்காட்டினார்’ என்று பேசுவார்கள், ஒருவரும் கத்த மாட்டார்கள். சண்டையின் சூடு வேண்டுமானால் டைரிகளுக்குப் போக வேண்டும். மால்டா, ஜிப்ரால்டர், சில ஆப்பிரிக்கக் காலனிகளைக் கொடுத்து இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரமுடியுமானால் துள்ளி எழுந்து ஏற்றுக்கொள்வேன் என்று சர்ச்சிலே சொன்னதாக சேம்பர்லினின் டைரியில் இருக்கிறது. நம்பவில்லை, ஆனால் சொன்னார். கோப்பை ஒரு பக்கமும் டைரியை ஒரு பக்கமும் வைத்துப் படிப்பதுதான் இந்த வாரத்துப் பயிற்சி.

மே 28 மாலை சர்ச்சில் போர் அமைச்சரவைக்கு வெளியே உள்ள மற்ற அமைச்சர்களைக் கூட்டிப் பேசி, அவர்களுடைய ஆரவாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐவர் கூட்டத்துக்குத் திரும்பினார். ஹாலிஃபாக்ஸ் தோற்றார். சில நாளிலேயே டன்கர்க்கிலிருந்து 3,38,226 பேர் மீண்டார்கள், அதற்குப் பின் யாரும் ரோமுக்குத் தூது அனுப்பும் பேச்சை எடுக்கவில்லை. மீட்பு முடிந்த கதை தெரிந்து மே 27-ஐப் படிக்காதீர்கள். அந்த அறையில் இருந்த ஐவருக்கும் அது தெரியாது.

படி 5: 1945, 1947 – ஒரு நாணயம் போதும்

1945 ஜூலை 5 அன்று வாக்குப்பதிவு. கடல் கடந்து நின்ற படைவீரர்களின் ஓட்டு வந்துசேர வேண்டும் என்பதால் முடிவு 26-ஆம் தேதிதான் வந்தது. லேபருக்கு 393 இடங்கள். போரை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சில் வீட்டுக்குப் போனார். ராஜா அட்லியை அழைத்தார், யோசிக்க ஒன்றுமில்லை.

1947-ஐப் பற்றி நமக்கு அதிகம் தெரியும் என்பதால் லண்டன் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விஷயம் மட்டும். ஆகஸ்டில் ஆறாம் ஜார்ஜ் தன் தாய் மேரிக்கு எழுதிய கடிதத்தில் ‘ஜார்ஜ் ஆர்.’ என்றுதான் கையெழுத்து இருந்தது. ‘ஐ’ இல்லை. இந்தியச் சக்கரவர்த்தி என்பதற்கான எழுத்து இல்லாத முதல் கடிதம், மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று மேரி உறையின் பின்னால் குறித்து வைத்தார். 1936 பத்திரத்தில் பார்த்தோமே, அதே எழுத்து.

பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் யாராவது தெரிந்தால் 1948-ஆம் வருட பிரிட்டிஷ் பென்னி ஒன்றையும் 1949-ஆம் வருடத்தது ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதின் விளிம்பில் ‘இண்ட் இம்ப்’ என்ற எழுத்துகள் இருக்கும், இந்தியச் சக்கரவர்த்தி என்பதன் லத்தீன் சுருக்கம். இரண்டாவதில் இருக்காது. 

படி 6: 1956 – பொய் சொல்லும் ஹன்சார்ட்

ஜூலை 26-இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. இரு தரப்பையும் விலக்கிவிடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு பிரிட்டனும் பிரான்ஸும் இறங்கின. உண்மையில் மூவரும் பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற இடத்தில் ரகசியமாகக் கூடி முன்பே பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிரதமர் ஈடன் பிரிட்டிஷ் பிரதியை அழிக்கச் சொன்னார். இஸ்ரேலின் பிரதி பிழைத்துக்கொண்டது.

டிசம்பர் 20-ஆம் தேதி ஹன்சார்டை எடுங்கள். இஸ்ரேல் தாக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது என்று ஈடன் சபையில் நின்று சொல்வதைப் படிக்கலாம். இதுவரை ஹன்சார்டை நம்பிப் படித்தீர்கள் அல்லவா? அது சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்யும், அவ்வளவுதான். அரசுக் கோப்புகளுக்கு அந்தக் காலத்தில் 30 வருடப் பூட்டு, சூயஸ் கோப்புகள் திறந்தது 1987-இல். ஐந்தாம் ஜார்ஜ் கதை இன்னும் மோசம். அவர் சாகும் நேரத்தைக் காலைப் பத்திரிகைக்கு ஏற்ற மாதிரி அவருடைய டாக்டரே மார்ஃபின், கோகெய்ன் ஊசியால் முன்தள்ளினார் என்பது 50 வருடம் கழித்து, 1986-இல்தான் வெளியே வந்தது. ஆகவே, எந்த நூலைப் படித்தாலும் முதலில் அது வெளியான வருடத்தைப் பாருங்கள். அந்த வருடத்தில் எந்தக் கோப்பு பூட்டியிருந்தது என்பது அதைவிட முக்கியம்.

சூயஸில் பிரிட்டனை நிறுத்தியது எகிப்தின் துப்பாக்கி அல்ல, பவுண்டின் சரிவு. அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. நவம்பர் 6-இல் போர் நிறுத்தம். ஈடன் 1957 ஜனவரி 9-இல் விலகினார்.

வேறு ஆள் யார்? ராப் பட்லரா, ஹரால்ட் மேக்மில்லனா? கன்சர்வேட்டிவ் கட்சியில் அப்போது தலைவர் தேர்தலே கிடையாது. ‘ர’ சரியாக வராத சால்ஸ்பரி பிரபு அமைச்சர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து ‘வாபா, ஹவால்டா?’ என்று கேட்டுக் கணக்கெடுத்தார். எலிசபெத் ராணி மேக்மில்லனை அழைத்தார். 1965 முதல் அந்தக் கட்சியும் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. மகுடத்தின் கையில் மிச்சமிருந்த ஒரு வேலையும் அதோடு போனது.

படி 7: இன்றைக்குக் கொண்டுவாருங்கள்

இங்கே ஒரு வாரம் போதும். போர் தொடுக்கும் அதிகாரம் சட்டப்படி இன்னமும் மகுடத்தினுடையது, அதாவது பிரதமருடையது. 2003 மார்ச் 18-இல் இராக் போருக்கு முன் காமன்ஸில் வாக்கெடுப்பு நடந்தது, 412-க்கு 149. 2013-இல் சிரியா விஷயத்தில் அரசு 285-க்கு 272 என்று தோற்று, பின்வாங்கியது. சரி, இனி வாக்கெடுப்பு கட்டாயம் போல என்று எல்லாரும் நினைத்திருக்க, 2018-இல் தெரசா மே கேட்காமலே சிரியாமீது தாக்குதல் நடத்தினார். 1914-இன் அந்த இரவு முழுதாக முடிந்துவிடவில்லை.

2019 ஆகஸ்டில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்க ஆலோசனை சொன்னார், ராணி ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். ஒத்திவைக்க வந்தவர்கள் கொண்டுவந்தது வெற்றுத் தாள் மாதிரி என்பது தீர்ப்பின் வார்த்தை. ராணி ஏன் மறுக்கவில்லை என்று கேட்கிறவர்களிடம் நம் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

லண்டனுக்குப் போகிறவர்களுக்கு

தேசிய ஆவணக் காப்பகம் கியூ பகுதியில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றுகள் கேட்பார்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். இரண்டாகக் கொண்டுபோங்கள், ஒன்று முனை உடையும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

1931 ஆகஸ்ட் 23. வேலையில்லாதோர் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டுவதா என்று லேபர் அமைச்சரவை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் ராஜினாமா செய்ய அரண்மனைக்குப் போகிறார். மறுநாள் காலை ஐந்தாம் ஜார்ஜ் மூன்று கட்சித் தலைவர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். அறையிலிருந்து மெக்டொனால்ட் மறுபடியும் பிரதமராகவே வெளியே வருகிறார், ஆனால் இம்முறை எதிர்க்கட்சிகளின் துணையோடு. சொந்தக் கட்சி அவரை நீக்குகிறது.

அன்று ராஜா வேறு ஆளைத் தேடினாரா, இருந்த ஆளையே வேறு ஆளாக்கினாரா? நோட்டில் தேதியைப் போட்டு, ஹன்சார்டில் 1931 செப்டம்பர் 8-இலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.